ஃபாண்டி உண்மையிலயே அவ்ளோ பெரிய ஆட்டக்காரரா?

நவம்பர் 8, இரவு 9.15 (வாசகர் கேள்வி)

எனக்கு 23 வயசு. வீட்டுல மாமாவும் சித்தப்பாவும் காற்பந்து பேச உக்காந்தா கடைசியில வந்து நிக்கிறது சிங்கப்பூரோட பழைய ஆட்டக்காரர் ஃபாண்டி அஹ்மத்துலதான். 1983ல இன்டர் மிலானுக்கு எதிரா ஒரு கோல் போட்டாரு, சரி. அந்த ஒரு கோல வச்சு 40 வருஷத்துக்கு மேல பேசுறது கொஞ்சம் ஓவரா தெரியலையா? ஹாலந்துல ஆடுனது ரெண்டே சீசன். ஆட்டத் திறமைன்னு பாத்தா அவரோட சிங்கப்பூர் டீம்ல ஆடுன சுந்தரமூர்த்திதான் மேலன்னு எங்க மாமாவே சொல்றாரு. நேர்ல பாத்தவங்க இருந்தா உண்மையச் சொல்லுங்க.

நவம்பர் 8, இரவு 11.50

நேர்ல பாத்தவன் நான். 93லயும் 94லயும் காலாங் ஸ்டேடியத்துல அப்பா கூட உக்காந்து பாத்தேன், அப்ப எனக்கு 13, 14 வயசு. தம்பி, அந்த ஒரு கோலுக்காக மட்டும் யாரும் ஃபாண்டியப் பேசல. இன்டர் கோல எங்க தலைமுறையில பாதிப் பேரு பாத்ததே கிடையாது, நாங்க அப்ப கைக்குழந்தை. நாங்க பேசுற ஃபாண்டி வேற ஃபாண்டி. சிங்கப்பூர் டீம் அப்பெல்லாம் மலேசிய லீக்லதான் ஆடும்; அதுல ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப் போன அந்த டீமுக்கு, 31 வயசுல, வெளியில எல்லாக் கிண்ணமும் ஜெயிச்சு முடிச்சிட்டு திரும்பி வந்து ஆடுன ஆளு. அந்த டீம அடுத்த வருஷமே லீக்கும் மலேசியக் கிண்ணமும் ரெண்டையும் ஜெயிக்க வச்ச கேப்டன். 94 ஃபைனல் ஷா ஆலம்ல, அதுக்கு அப்பாவும் நானும் பஸ் ஏறிப் போனோம்.

ஆனாலும் கேள்வி நியாயமான கேள்விதான். அதனால இன்டர் ஆட்டத்தையே முதல்ல எடுத்துக்குவோம். ஃபாண்டி அப்ப ஹாலந்துல குரோனிங்கன் டீமுக்கு ஆடினாரு. ஐரோப்பிய கிளப்புகளோட யூஈஎஃப்ஏ கிண்ணம், ரெண்டாவது சுற்று, 1983 அக்டோபர் 19, குரோனிங்கன் ஊர்லயே நடந்த ஆட்டம். 2-0. ரெண்டாவது கோல் ஃபாண்டி போட்டது. அந்த வருஷ இன்டர்ல சேங்கா, பெர்கோமி, கொல்லோவாத்தி, ஆல்டோபெல்லி எல்லாரும் இருந்தாங்க, அதுக்கு முந்தின வருஷம் இத்தாலிக்கு உலகக் கிண்ணம் வாங்கிக் குடுத்தவங்க அதுல மூணு பேரு. அவங்கள குரோனிங்கன் வெளிய அனுப்புச்சு, அதுல ஒரு கோல் சிங்கப்பூர்ல பந்து உதைச்சுத் திரிஞ்ச பையனோடது. இது சின்ன விஷயம்னு எனக்குத் தோணல.

நவம்பர் 9, காலை 7.20

எம்ஆர்டி ரயில்ல இருந்து எழுதுறேன். நேத்து ராத்திரி தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதிட்டேன், திருத்திக்கிறேன். குரோனிங்கன் இன்டர வெளிய அனுப்பல. ரெண்டாவது ஆட்டத்துல இன்டர் 5-1ன்னு ஜெயிச்சு மொத்தத்துல 5-3 ஆகி குரோனிங்கன்தான் வெளிய போச்சு. ஒருத்தர் இதக் கீழ சுட்டிக் காட்டியிருக்காரு, நன்றி.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் 40 வயசு தாண்டினவன், காற்பந்த ஒழுங்காத் தெரிஞ்சவன், என் மனசுலயே அந்த 5-1 அழிஞ்சு போயி 2-0 மட்டும் நின்னுருக்கு. சின்ன வயசுல இருந்து யாரும் அந்த ரெண்டாவது ஆட்டத்த எனக்குச் சொன்னதே இல்ல. தம்பி கேட்டதுல ஒரு உண்மை இருக்குன்னு இப்ப ஒத்துக்கிறேன். ஒரு கோல நாம எவ்ளோ இறுக்கிப் புடிச்சிருக்கோம்னா அதுக்குப் பின்னாடி வந்த தோல்வியையே மறந்துட்டோம்.

நவம்பர் 9, மதியம் 1.05

சாப்பாட்டு நேரம். ஹாலந்துல ரெண்டு சீசன்தான்னு தம்பி சொன்னதுக்கு. ஃபாண்டி முதல்ல போக வேண்டிய இடம் குரோனிங்கனே இல்ல, ஹாலந்தோட பெரிய கிளப்பான அஜாக்ஸ். 1982ல அஜாக்ஸ் அவரச் சோதிச்சுப் பாத்துட்டு மூணு வருஷ ஒப்பந்தம் குடுக்கத் தயாரா இருந்துச்சு. அவரு அத விட்டுட்டு இந்தோனேசியாவுல சுரபாயாவோட நியாக் மித்ரா டீமுக்குப் போனாரு. அந்த வருஷம் அஜாக்ஸ்ல யோஹான் கிரைஃப் ஆடிட்டு இருந்தாரு. வான் பாஸ்டன் அப்பதான் முதல் ஆட்டம் ஆடுறான். நினைச்சுப் பாத்தா வயிறு என்னமோ பண்ணுது. அந்த டிரெஸ்ஸிங் ரூம்ல நம்ம ஊரு ஆளு ஒருத்தர்!

எங்க அப்பா இதுக்கு எப்பவும் ஒரே பதில்தான் சொல்வாரு. 20 வயசுப் பையன், குளிர் தெரியாது, பாஷை தெரியாது, பக்கத்துல சாப்பாடு இல்ல, நீ போயிருப்பியாடான்னு. நான் போயிருப்பேன்னு சொல்வேன். என்.எஸ்.ல, அதான் கட்டாய ராணுவ சேவையில, புலாவ் தெக்கோங் தீவுக்குப் போயிட்டு முதல் வாரமே வீட்டுக்கு போன் பண்ணி அழுதேன், அதுக்கப்புறம் அப்படிச் சொல்றத விட்டுட்டேன்.

நியாக் மித்ரா லீக் ஜெயிச்சுது. அப்புறம் இந்தோனேசியாவுல வெளிநாட்டு ஆட்டக்காரங்களே வேணாம்னு தடை போட்டாங்க, அதுக்குப் பிறகுதான் குரோனிங்கன். அதாவது முதல் தடவ வேணாம்னு விட்ட ஹாலந்துக்கு ஒரு வருஷம் கழிச்சு அவரே போனாரு. ரெண்டாவது தடவ போறதுக்கும் தைரியம் வேணும்.

நவம்பர் 9, இரவு 10.30

ஃபாண்டி சின்ன வயசுல நாசி லெமாக் (தேங்காப்பால் சோறு) வித்த கதை உண்மையான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. உண்மை. அவங்க அப்பா அஹ்மத் வார்த்தாம் தேசிய அணியோட கோல்கீப்பரா இருந்தவரு. அப்பா அம்மா பிரிஞ்ச பிறகு குடும்பச் செலவுக்காக சின்னப் பையன் ஃபாண்டி நாசி லெமாக் வித்திருக்காரு. ஆரம்பத்துல அவரும் அப்பா மாதிரி கோல்கீப்பராத்தான் நின்னாராம். அதே கோல் கம்பத்துக்கு நடுவுலயே விட்டிருந்தா இன்னிக்கு நாம இதப் பேசிட்டே இருக்க மாட்டோம்.

எங்க புளோக்ல நாலாவது மாடியில ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) இருந்தாங்க, காலையில புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல மேசை போட்டு நாசி லெமாக் விப்பாங்க. 94ல ஒவ்வொரு ஆட்டம் ஜெயிச்ச மறுநாளும் எங்க பசியாறல் அங்கதான். நான் போனாலே அவங்க கேப்பாங்க, நேத்து ஃபாண்டி எத்தன கோல்? கோல் போட்டிருந்தா கொஞ்சம் இக்கான் பிலிஸ் (நெத்திலி) வறுவல் கூட வைப்பாங்க. அந்த சீசன்ல அவரு நிறைய கோல் போட்டாரு, நான் நல்லாச் சாப்பிட்டேன். ஃபாண்டியும் ஒரு காலத்துல இதே மாதிரி மேசைக்குப் பின்னாடி நின்னவருன்னு மக்சிக்குக்குப் பெரும. மலாய்க்காரங்க பெரும மட்டும் இல்ல அது. உழைச்சு வித்தவங்களோட பெரும.

நவம்பர் 10, இரவு 12.15

சுந்தரம், அதான் சுந்தரமூர்த்தி, பத்தி. இத ஒழுங்கா எழுதணும்னு ரெண்டு நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.

தம்பியோட மாமா சொல்றது தப்பு இல்ல. பந்த வச்சு என்ன பண்ணலாம்னு பாத்தா சுந்தரம் ஃபாண்டியவிட ஒரு படி மேலதான், எங்க வீட்டுலயும் இதுல ரெண்டு கருத்து கிடையாது. 'டேஸ்லர்'னு பேரு வச்சது சும்மா இல்ல. 80கள் கடைசியில சுவிட்சர்லாந்து போயி எஃப்.சி. பாசலுக்கு ஆடுனாரு. 93ல புருணைக்கு எதிரா அந்தரத்துல மல்லாந்து ஒரு உதை உதைச்சாரே, அந்த கோல் விழுந்தப்ப நான் ஸ்டேடியத்துல இருந்தேன். பந்து அவருக்குப் பின்னாடி வருது, உடம்பு அப்படியே தரைக்குக் குறுக்கா மேல போவுது, அவ்ளோதான் பாத்தேன், மீதிய முன்னாடி எந்திரிச்சு நின்ன முதுகெல்லாம் மறச்சிருச்சு. அப்பா என்னத் தூக்கினாரு. 13 வயசுப் பையன, நான் ஒண்ணும் ஒல்லி இல்ல, தூக்கினாரு! பக்கத்துல ஒரு சீனப் பெரியவர் பேப்பர் கப்புல இருந்த கோப்பிய எங்க மேலயே கொட்டிட்டு சோரின்னு சொல்லாம சுந்தரம் சுந்தரம்னு கத்திட்டு இருக்காரு.

இதையும் சொல்லணும். சுந்தரம் நம்ம பேரு. ஸ்டேடியத்துல 50,000 பேரு, எல்லா இனமும், வாய் நிறைய நம்ம வீட்டுப் பேரக் கத்துனா ஒரு தமிழ்ப் பையனுக்கு எப்படி இருக்கும்? எங்க அப்பா காலத்துல ராஜகோபால் இருந்தாரு, வளைச்சு அடிக்கிற கார்னருக்குப் பேர் போனவரு. 77ல மலேசியக் கிண்ணம் ஜெயிச்ச டீமுக்கு கேப்டன் சமது அல்லாபிச்சை. அந்த வரிசையில எனக்குக் கிடச்சவரு சுந்தரம். அதனால சுந்தரத்த நான் தூக்கிப் பேசும்போது அதுல ஆட்டம் எவ்ளோ, பேரு எவ்ளோன்னு எனக்கே பிரிச்சுச் சொல்ல முடியாது.

ஆனா 94 அணியில சுந்தரம் இல்ல. எங்க அப்பாவுக்கு அது கடைசி வரைக்கும் ஆறல. அந்தக் கிண்ணத்தப் பத்தி எப்பப் பேசினாலும், சுந்தரம் மட்டும் இருந்திருந்தான்னு ஆரம்பிச்சு முடிக்க மாட்டாரு. 4-0ன்னு ஜெயிச்ச ஃபைனலுக்கு இன்னும் என்ன வேணும்னு கேட்டா, 'கோலுக்காடா சொல்றேன்'ம்பாரு.

நவம்பர் 10, இரவு 12.40

மேல எழுதுனத படிச்சுப் பாத்தேன், ஒண்ணு விட்டுப்போச்சு. சுந்தரம் ஆட வந்தா இன்னிக்கு என்ன பண்ணுவாரோன்னு காத்திருப்போம். ஃபாண்டி ஆட வந்தா இன்னிக்குப் பாத்துக்குவாருன்னு தைரியமா உக்காந்திருப்போம். ரெண்டும் வேற வேற. பந்து கால்ல வந்தா ஃபாண்டி பதறவே மாட்டாரு, நெஞ்சுல வாங்கி இறக்கி, தலையத் தூக்கிப் பாத்து, அப்புறம்தான். மூணு பேரு சூழ்ந்து நின்னாலும் அவருக்கு மட்டும் நேரம் கொஞ்சம் கூடுதலா இருக்குற மாதிரி இருக்கும்.

நவம்பர் 11, இரவு 9.00

கணக்கு கேட்டவங்களுக்கு: சிங்கப்பூருக்கு 101 ஆட்டம், 55 கோல். தேசிய அணிக்கு அவர மிஞ்சி கோல் போட்டவங்க இல்ல.

நவம்பர் 12, மாலை 6.45

1980 மலேசியக் கிண்ண ஃபைனல். சிலாங்கூர 2-1ன்னு ஜெயிச்ச ஆட்டம், ஜீதா சிங் கோச், வெற்றி கோல் ஃபாண்டியோடது, அப்ப அவருக்கு 18 வயசு கூட முடியல. அப்பா இந்த ஆட்டத்த கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்துல நேர்ல பாத்தாரு. கோல் விழுந்ததும் ஒரு சிலாங்கூர்க்காரர் தொப்பியத் தரையில அடிச்சாராம், அப்பா அத எடுத்துத் தூசு தட்டிக் குடுத்தாராம். நூறு தடவ கேட்டிருப்பேன்.

நவம்பர் 12, இரவு 8.30

மேல எழுதுனத அம்மாகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். அம்மா பாதியிலயே நிறுத்திட்டாங்க. அப்பா கோலாலம்பூர் போகவே இல்லையாம். நான் அப்ப வயித்துல, கப்பல் பட்டறையில ஓவர்டைம் முடிச்சிட்டு சமூக மன்றத்துல டிவி முன்னாடி நின்னுதான் பாத்தாராம், உக்கார இடம் இல்ல. தொப்பி ஆளு அங்க இருந்தவராம், சிலாங்கூர் பக்கம் பொண்ணு எடுத்தவராம்.

அப்பா இப்ப இல்ல, கேக்கவும் முடியாது. அவரு பொய் சொன்னாருன்னு நான் நினைக்கல. அவரு ஒரு தடவ கூட மெர்டேக்கான்னு வாயத் தொறந்து சொல்லியிருக்க மாட்டாரு, நானா சேத்துக்கிட்டேனோ என்னமோ. தொப்பி இருக்கு, தூசு இருக்கு, கோல் இருக்கு, இடம் மட்டும் மாறிப் போச்சு.

இதச் சொன்ன கையோட இன்னொண்ணையும் சொல்லியாகணும். முதல் நாள் '94 ஃபைனலுக்கு பஸ் ஏறிப் போனோம்'னு எழுதுனேன். ஏறிப் போனோம், அது நிஜம். ஷா ஆலம் போய்ச் சேரல. நாளைக்கு எழுதுறேன்.

நவம்பர் 13, இரவு 11.10

1994 டிசம்பர் 17, சனிக்கிழம. ஃபைனல்ல எதிர்ல பஹாங். பக்கத்து புளோக்ல ஒருத்தர் ஆள் சேத்து பஸ் எடுத்தாரு, டிக்கெட்டும் பஸ்ஸும் சேத்து ஒரு தொகை. அப்பா ரெண்டு நாள் ஓவர்டைம் காச அப்படியே குடுத்தாரு. சிவப்புச் சட்ட, முகத்துல சாயம், அம்மா கட்டிக் குடுத்த புளிச்சாதம். மலேசியாவுக்குப் போற காஸ்வே பாலத்துல கூட்டம் நகரவே இல்ல, எந்த பஸ்ஸப் பாத்தாலும் சிங்கப்பூர்க் கொடி. ஒவ்வொரு பஸ்ஸும் பக்கத்து பஸ்ஸப் பாத்துப் பாட்டுப் பாடுது.

யோங் பெங் தாண்டறதுக்குள்ள எங்க பஸ்ஸுல பின்னாடி இருந்து புகை. டிரைவர் இறங்கிப் பாத்துட்டு தலைய ஆட்டினாரு. மெக்கானிக் வந்தான், சாமான் இல்லன்னான், போனான். மாத்து பஸ் வரும்னாங்க. மத்த பஸ்ஸெல்லாம் கொடிய ஆட்டிக்கிட்டே எங்களத் தாண்டிப் போவுது. பல பஸ் நின்னு கேட்டாங்க, ஆனா இடம் ஏது? நாலஞ்சு பேர ஏத்திக்கிட்டாங்க. ஒரு பஸ்ல ஒரே ஒரு இடம் இருக்குன்னாங்க, அப்பா என்னப் பாத்தாரு. நீ போறியான்னு கேட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன். இன்னிக்கும் எனக்குத் தெரியல, பயந்து சொன்னேனா பாசத்துல சொன்னேனான்னு.

பொழுது சாஞ்சதும் முப்பது பேரு கிட்ட ஊருக்குள்ள ஒரு பாய் கடைக்கு நடந்து போனோம். டிவி இருந்துச்சு. உள்ளூர்க்காரங்க ஏற்கனவே உக்காந்திருந்தாங்க, எல்லாரும் பஹாங் பக்கம், ஏன்னா மலேசிய டீமாச்சே. பாய் ஒண்ணும் சொல்லல, பின்னாடி இருந்து ஸ்டூல் எடுத்துப் போட்டாரு.

நம்ம டீம் அப்பாஸ் சாத் மூணு கோல் போட்டாரு அன்னிக்கு. முதல் கோலுக்கு நாங்க கத்தல, அடுத்தவங்க ஊரு, அடக்கி வாசிச்சோம். அடுத்தடுத்து விழ விழ அடக்கமெல்லாம் காத்துல போச்சு. 4-0. பாயோட கண்ணாடி டம்ளர் ஒண்ணு உடஞ்சுது, அப்பா காசு குடுக்கப் போனாரு, வேணாம்னுட்டாரு.

நான் சொல்ல வந்தது ஆட்டம் முடிஞ்ச பிறகு நடந்தது. மூலையில ஒரு தாத்தா, தமிழர், பஹாங்குல ஏதோ தோட்டத்துல வேல பாத்து மக வீட்டோட இங்க வந்து இருக்காரு. ஆட்டம் முழுக்க வாயே தொறக்கல. நம்ம ஆளுங்க மேடைக்குப் போறாங்க, ஃபாண்டி கிண்ணத்தத் தூக்குறாரு, தாத்தா எந்திரிச்சு நின்னு கைதட்டுறாரு. அப்பாவுக்கு ஆச்சரியம். ஏன் ஐயா, நீங்க பஹாங் ஆச்சேன்னு கேட்டாரு. தாத்தா சொன்னாரு, '92ல எங்களுக்கு ஜெயிச்சுக் குடுத்தான்ல, இப்ப உங்களுக்கு. கிண்ணத்துக்கு அவன் கைதான் பழக்கம்.'

92ல பஹாங் லீக்கும் கிண்ணமும் ஜெயிச்சப்ப ஃபாண்டி அங்கதான் ஆடினாரு. அதுக்கு முன்னாடி கோலாலம்பூர் 87, 88, 89ன்னு வரிசையா மூணு வருஷம் மலேசியக் கிண்ணம் ஜெயிச்சப்பவும் இருந்தாரு. தோத்த டீமோட ஆளே எந்திரிச்சு நின்னு கைதட்டுன ஆட்டக்காரர் நான் பாத்து இவர் ஒருத்தர்தான். தம்பி, நீங்க கேட்ட கேள்விக்கு எங்கிட்ட இருக்குற பதில் இதுதான். இன்டர் கோல் இல்ல.

அந்த பஸ் காசு திரும்பி வரல. மூணு மணிக்கு மாத்து பஸ் வந்துச்சு, விடியிற நேரத்துல வீடு. மக்சிக் மேசைய விரிச்சிட்டு இருந்தாங்க.

நவம்பர் 15, இரவு 10.00

ஒருத்தர் எழுதியிருக்காரு, 94க்கு அப்புறம் என்ன மிச்சம்னு. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. கிண்ணத்தத் தூக்கின கை ஈரம் காயறதுக்குள்ள சிங்கப்பூர் மலேசிய லீக்க விட்டு வெளிய வந்துருச்சு. 96ல சிங்கப்பூருக்குன்னே எஸ்.லீக். ஃபாண்டி ஆயுதப்படை டீமுக்கு ஆடினாரு, அப்புறம் அதுக்கே கோச்சா இருந்து லீக் ஜெயிச்சாரு. நான் சில ஆட்டத்துக்குப் போனேன். ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கோல் விழுந்தா சத்தம் எங்க இருந்து வருதுன்னு தனித்தனியாத் தெரியும். காலாங்குல அது தெரியாது, நாலு பக்கமும் ஒண்ணாத்தான் எழும்பும்.

மலேசிய லீக்ல மறுபடி ஆட லயன்ஸ்12ன்னு சிங்கப்பூர் டீம் வந்தப்ப கொஞ்சம் பழசு திரும்புச்சு. இதுல நான் ரசிச்ச ஒண்ணு இருக்கு: 2013ல அந்த டீம் மலேசிய சூப்பர் லீக் ஜெயிச்சப்ப கோச் சுந்தரம். 2015ல எஃப்.ஏ. கிண்ணம் ஜெயிச்சப்ப கோச் ஃபாண்டி. நாம இங்க ரெண்டு பேரையும் தராசுல வச்சு நிறுத்துட்டு இருக்கோம், அவங்க ஒரே வேலைய ஒருத்தர் விட்ட இடத்துல இருந்து இன்னொருத்தர் எடுத்துச் செஞ்சிட்டுப் போயிட்டாங்க. 2015 ஜெயிச்ச அன்னிக்கு நான் டிவி முன்னாடி தனியா உக்காந்து அழுதேன். பொண்ணு வந்து ஏன்ப்பான்னு கேட்டா. கிளந்தான 3-1ன்னு ஜெயிச்சோம்மான்னேன். அதுக்கு யாராச்சும் அழுவாங்களான்னா.

இப்ப மகன்கள், இர்ஃபான், இக்சான், இல்ஹான், மூணு பேரும் சிங்கப்பூருக்கு ஆடுறாங்க. அப்பா பேரத் தூக்கிட்டு ஆடுறது லேசு இல்ல, ஒரு கோல் விட்டாலே அப்பனா இருந்தான்னு ஆரம்பிச்சிருவாங்க. நான் அப்படிச் சொல்றத நிறுத்திட்டேன். ஃபாண்டியே கோல்கீப்பரோட மகன்தானே.

நவம்பர் 16, காலை 8.05

தம்பி பதில் போட்டிருக்காரு, மாமாகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காமிச்சாராம். அந்த புருணை ஆட்டத்துக்கு மாமாவும் போயிருந்தாராம்! எந்தப் பக்கம் உக்காந்திருந்தாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நாங்க ஸ்கோர்போர்டுக்கு எதிர்ப் பக்கம், மேல இருந்து ஆறேழு வரிசை கீழ. கோப்பி கொட்டின சீனப் பெரியவருக்குப் பின்னாடி குடையோட ஒரு தமிழ் ஆளு நின்னுட்டு இருந்தாரு, மழையே இல்ல, குடைய விரிச்சு மேல தூக்கிப் போட்டுப் புடிச்சிட்டு இருந்தாரு. அது உங்க மாமாவான்னு கேளுங்க.